ஸ்டாப்பர் பதில்கள்: ஒட்டகச்சிவிங்கி கோச் ஆன கதை

போன இதழில் ஒரு வாசகர், “நல்ல கால்பந்து கோச்சாக வர வேண்டுமானால் முதலில் பெரிய ஆட்டக்காரராக இருந்திருக்க வேண்டுமா?” என்று கேட்டிருந்தார். “வேண்டாம், ஜாக் சார்ல்டனைப் பாருங்கள்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அவசரத்தில் செய்த தப்பு. யார் அந்த ஜாக், அவரிடம் என்ன பார்ப்பது என்று கடிதம் மேல் கடிதம். அதனால் இந்த இதழ் முழுக்க, இங்கிலாந்துக்கு ஆடி, பிறகு அயர்லாந்து தேசிய அணிக்குக் கோச் ஆன அவர்தான். ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோயம்புத்தூர் வாசகர்: பாபி சார்ல்டனைக் கேள்விப்பட்டிருக்கிறேன், மாஸ்டர். ஜாக் அவருக்குச் சொந்தமா?

கூடப்பிறந்த அண்ணன். 1935இல் இங்கிலாந்தின் வடகிழக்கில் ஆஷிங்டன் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர். அப்பா சுரங்கத் தொழிலாளி. கால்பந்து வந்தது அம்மா வழியில். அம்மா சிஸ்ஸியின் சகோதரர்கள் நான்கு பேரும் சம்பளத்துக்கு ஆடியவர்கள், நான்கு பேரும் பேக், அதாவது தடுப்பாட்டக்காரர்கள். ஆக, ஜாக் ஆடிய இடம் தாய்மாமன் சீராக வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி பாபிக்குப் பதினைந்து வயதிலேயே வீட்டு வாசலில் கிளப் ஆட்கள் வரிசை கட்டினார்கள். ஜாக்கைக் கூப்பிட்டது மாமன்மார் ஆடிய லீட்ஸ் யுனைடெட். அதையும் முதலில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அப்பாவோடு சுரங்கத்தில் இறங்கினார். கொஞ்ச நாளிலேயே அது நமக்கு ஆகாது என்று வெளியே வந்து, போலீஸ் வேலைக்கு மனுப் போட்டார். போலீஸ் நேர்காணலும் லீட்ஸின் சோதனை ஆட்டமும் ஒரே நாளில் வந்து நின்றன. ஆட்டத்துக்குப் போனார். அப்புறம் 1973 வரை வேறு கிளப்புக்கே போகவில்லை. லீட்ஸுக்காக 773 ஆட்டங்கள். அந்தக் கிளப்பில் அத்தனை ஆட்டம் ஆடியவர் வேறு யாரும் இல்லை.

நெடுநெடு உயரம், நீளக் கழுத்து. அதனால் ஒட்டகச்சிவிங்கி என்று பட்டப்பெயர்.

சேலம் வாசகர்: 1966 உலகக் கோப்பையை ஜெயித்த அணியில் இருந்தவரைப் போய் ‘பெரிய ஆட்டக்காரர் இல்லை’ என்கிறீர்களே?

நான் சொல்லவில்லை சார், அவரே சொன்னதுதான். தனக்கு ஆடத் தெரியாது, அடுத்தவனை ஆடவிடாமல் செய்யத் தெரியும் என்பது அவர் பேச்சு. இங்கிலாந்து அணிக்காக அவர் முதலில் ஆடியது 1965 ஏப்ரலில், முப்பது வயதாக இன்னும் ஒரு மாதம்கூட இல்லாதபோது. அவரை எடுத்த செய்தி வந்த நேரத்தைப் பாருங்கள்: இங்கிலாந்து கிளப்புகள் மோதும் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் லீட்ஸ் பாபியின் மான்செஸ்டர் யுனைடெட்டைத் தோற்கடித்திருந்தது. தோற்றவர்கள் தொங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்த அறைக்குள் நேராகப் போய், “என்னையும் இங்கிலாந்துக்கு எடுத்துட்டாங்க” என்று தம்பியிடம் சொன்னார் இந்த மனிதர். பாபியைத் தவிர அங்கே யாருக்கும் அதை ரசிக்கும் மனநிலை இருந்திருக்காது.

என்னை ஏன் எடுத்தீர்கள் என்று கோச் ஆல்ஃப் ராம்சேயிடம் ஒருநாள் கேட்டாராம். என் மனதில் ஒரு ஆட்டமுறை இருக்கிறது, அதற்குப் பொருந்துகிறவர்களை எடுக்கிறேன், எப்போதும் மிகச் சிறந்தவர்களைத்தான் எடுக்க வேண்டும் என்றில்லை என்ற பொருளில் ராம்சே பதில் சொன்னதாக ஜாக் ஆயுள் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். எனக்கென்னவோ, பின்னாளில் அவர் கோச்சாகச் செய்ததெல்லாம் அந்த ஒரு பதிலுக்குள் இருக்கிறது என்று தோன்றும்.

1966இல் அவர் செய்த தப்புகளையும் சொல்லிவிடுகிறேன். போர்ச்சுகலோடு அரையிறுதியில் பந்தைக் கையால் தடுத்து பெனால்டி கொடுத்தார், யூசேபியோ கோல் போட்டார். இறுதி ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனி கடைசி நிமிடத்தில் 2-2 ஆக்கியது, இவர் மேல் ஃபவுல் விசில் ஊதிக் கொடுத்த ஃப்ரீ கிக்கில்தான். கூடுதல் நேரத்தில் 4-2 என்று ஜெயித்ததால் யாரும் அதை நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. பேக் ஆடுகிறவன் பிழைப்பு அப்படி.

அந்த அரையிறுதியில் இங்கிலாந்தின் இரண்டு கோலையும் அடித்தது பாபி. அவர்களின் அப்பா அதைப் பார்க்கவில்லை, சுரங்கத்தில் ஷிப்ட்டில் இருந்தார். எங்கள் கடற்கரையில் மகன் ஆடும் ஃபைனலன்று அப்பா கடலில் இருப்பது சாதாரணம். அதனால் இந்தச் செய்தியை முதலில் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை.

மதுரை, ஒரு பள்ளி பி.டி. ஆசிரியர்: பேக்காக ஆடியது கோச் வேலைக்கு அவருக்கு எப்படி உதவியது? திட்டமாகச் சொல்லுங்கள்.

நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். இவர் ஓய்வு பெற்ற பிறகு கோச் ஆனவர் இல்லை. ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே லில்லெஷால் பயிற்சி மையத்தில் நடந்த கோச்சிங் வகுப்புகளுக்குப் போனவர். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர். லீட்ஸில் கார்னர் கிடைத்தால் எதிரணி கோல்கீப்பரின் முகத்துக்கு முன்னால் கோல் கோட்டிலேயே போய் நின்றுகொள்வார். ஆறடிக்கு மேல் ஒரு ஆள் மூக்கை மறைத்துக்கொண்டு நின்றால் கீப்பர் எப்படி வெளியே வந்து பந்தைப் பிடிப்பான்? அடுத்தவனுக்கு எது தொல்லை என்று யோசிக்கிற புத்தி அது.

இப்போது நீங்கள் ஸ்டாப்பராக, அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நிற்கும் பேக்காக நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பந்து உங்களுக்குப் பிடிக்காது? ஃபார்வர்டு பந்தோடு எதிரே வந்தால்கூடச் சமாளிக்கலாம், அவன் உங்கள் பார்வையில் இருக்கிறான். உங்கள் தலைக்கு மேலே போய், கார்னர் கொடிப் பக்கம் விழும் பந்துதான் எமன். திரும்பி, சொந்த கோலைப் பார்த்துக்கொண்டு ஓட வேண்டும். பின்னால் ஒருவன் மூச்சு விட்டுக்கொண்டு வருகிறான். என்ன செய்வீர்கள்? வெளியே அடிப்பீர்கள். அல்லது தடுமாறுவீர்கள்.

இருபது வருடம் அந்தப் பந்தைத் துரத்திய ஆள், கோச் ஆனதும் அதையே எதிரணிக்குக் கொடுத்தார். அவ்வளவுதான் அவருடைய ‘தத்துவம்’. அயர்லாந்து அணிக்கு வந்தபோது உலகமெங்கும் தேசிய அணிகள் பின்னாலிருந்து நிதானமாகப் பந்தைக் கொடுத்து வாங்கி மேலே ஏறுவதைப் பார்த்தார். அதே பாணியில் போட்டி போட நம்மிடம் ஆள் இல்லை, ஆனால் அவர்களை அப்படி ஆடவிடாமல் செய்யலாம் என்று முடிவு கட்டினார். நடுவில் போட்டால் கீப்பர் எடுத்துவிடுவான், அதனால் ஓரத்தில், பேக்குக்குப் பின்னால் போடு. போட்டுவிட்டு நிற்காதே, முழு அணியும் மேலேறி அவனை நெருக்கு. ஃபார்வர்டுகளே முதல் டிஃபென்ஸ். லிவர்பூலில் கோல் மழை பொழிந்த ஜான் ஆல்ட்ரிட்ஜ், அயர்லாந்துக்காக முதல் கோல் போடவே ஏறக்குறைய 20 ஆட்டம் ஆனது. பாவம், பேக்குகளைத் துரத்தியே நுரை தள்ளியது.

அழகான ஆட்டமா என்றால் இல்லை. ஆனால் உங்கள் பள்ளி அணியில் இரண்டு கெட்டிக்காரப் பையன்களும் ஒன்பது சாதாரணப் பையன்களும் இருந்தால், அடுத்த பள்ளி எதை வெறுக்கிறது என்று ஒரு மாலை உட்கார்ந்து யோசியுங்கள்.

திருச்சி வாசகி: ஆட்டத்தில் பாபிதான் மேதை. கோச்சிங்கில் அவர் ஏன் பேசப்படவில்லை?

1973இல் அண்ணன் தம்பி இருவரும் ஆட்டத்தை விட்டு ஒரே வருடத்தில் மேனேஜர் ஆனார்கள். ஜாக் மிடில்ஸ்பரோவுக்கு, பாபி பிரெஸ்டனுக்கு. இரண்டும் இரண்டாம் டிவிஷன். 1974இல் கணக்கு முடிந்தபோது மிடில்ஸ்பரோ 65 பாயிண்ட்டோடு முதலிடம். வெற்றிக்கு இரண்டு பாயிண்ட் மட்டுமே கொடுத்த அந்தக் காலத்தில், இரண்டாவது வந்த அணியைவிட 15 பாயிண்ட் அதிகம். அதே பட்டியலில் பிரெஸ்டன் கடைசிக்கு முந்தைய இடம், மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கியது. முதல் டிவிஷனில் இல்லாத ஜாக்குக்கு அந்த வருடத்தின் சிறந்த மேனேஜர் விருது போனது.

மேதைக்கு எல்லாம் தானாக வருகிறது. எப்படி வருகிறது என்று அவனுக்கே தெரியாததைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லுவான்? ஜாக்குக்கு ஒவ்வொன்றும் உட்கார்ந்து கற்றுக்கொண்டது. இது என் ஊகம்தான். இதற்கு நேர்மாறாக, ஆட்டக்காரராகவும் கோச்சாகவும் உலகக் கோப்பை ஜெயித்த ஜெர்மனியின் பெக்கன்பவர் இருக்கிறார் என்று யாராவது கடிதம் எழுதுவீர்கள், தெரியும்.

வேலூர் வாசகர்: இங்கிலாந்து அவரை ஏன் கோச்சாக எடுத்துக்கொள்ளவில்லை?

1977இல் டான் ரெவி இங்கிலாந்து மேனேஜர் பதவியை விட்டுப் போனபோது ஜாக் மனுப் போட்டார். வேலை கிடைக்கவில்லை, அது பரவாயில்லை. கடிதம் கிடைத்தது என்று ஒரு வரி பதில்கூட வரவில்லை. இனி எந்த வேலைக்கும் மனுப் போடுவதில்லை என்று வீம்பு பிடித்தார். ஷெஃபீல்டு வென்ஸ்டேயை மூன்றாம் டிவிஷனிலிருந்து தூக்கிவிட்டார். நியூகாசிலில் ஒரே சீசன். சொந்த ரசிகர்களே ஒரு நட்பு ஆட்டத்தில் கூச்சல் போட, அன்றே விலகினார்.

பதினோரு வருடம் கழித்து, 1988 யூரோவில் (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) ஸ்டுட்கார்ட் நகரில் அயர்லாந்து 1, இங்கிலாந்து 0. ஆறாவது நிமிடத்தில் ரே ஹௌட்டன் தலையால் முட்டிய கோல். அந்தப் பதில் வராத கடிதம் அன்று அவர் நினைவுக்கு வந்திருக்காதா? நானாக இருந்தால் பாக்கெட்டிலேயே வைத்திருப்பேன்.

திருநெல்வேலி வாசகர்: ஆங்கிலேயரை ஐரிஷ்காரர்கள் எப்படி ஏற்றுக்கொண்டார்கள்? வரலாறு அப்படியாயிற்றே?

உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. 1986இல் பொறுப்பேற்ற புதிதில் மைதானத்தில் ‘ஊருக்குப் போ’ என்ற பொருளில் பதாகை பிடித்தார்கள். முதல் ஆட்டத்தில் வேல்ஸிடம் தோல்வி வேறு.

அவர் செய்த காரியம் எளிது. வேலை தேடி இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் போன ஐரிஷ் குடும்பங்களின் பிள்ளைகளையும் பேரன்களையும் தேடிப் பிடித்தார். அப்பாவோ பாட்டியோ அயர்லாந்தில் பிறந்திருந்தால் போதும், சட்டப்படி ஆடலாம். இதில் ஒரு நல்ல கதை உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு கிளப்பில் ஆல்ட்ரிட்ஜைக் கேட்கப் போனார். ஆல்ட்ரிட்ஜ், “இங்கே இன்னொருத்தரும் இருக்கார், அவங்க அப்பா ஐரிஷ்காரர்” என்று காட்டியது கிளாஸ்கோவில் பிறந்த ஹௌட்டனை. ஒன்று வாங்கப் போய் இரண்டு கிடைத்தது. பிறகு இங்கிலாந்தையும், 1994 உலகக் கோப்பையில் இத்தாலியையும் கவிழ்த்தது அந்த இரண்டாவது ஆளின் கோல்தான்.

அதிர்ஷ்டமும் கைகொடுத்தது. 1988 யூரோவுக்குப் போக அயர்லாந்துக்கு பல்கேரியா தோற்க வேண்டியிருந்தது. ஸ்காட்லாந்தின் கேரி மெக்கே என்பவர், தன் முதல் சர்வதேச ஆட்டத்தில், சோஃபியாவில், 87ஆம் நிமிடத்தில் கோல் போட்டுக் கொடுத்தார். அதுவரை எந்தப் பெரிய போட்டிக்கும் போகாத நாடு, இவர் காலத்தில் மூன்றுக்குப் போனது. பதவியை விட்ட பிறகு, 1996இல் கௌரவக் குடியுரிமை கொடுத்தார்கள்.

இவர் கொடுக்கும் காசோலைகளைக் கடைக்காரர்கள் வங்கியில் போடாமல் கையெழுத்துக்காகச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்வார்கள் என்று அங்கே சொல்வதுண்டு. சிக்கனக்காரர் என்று பேர் வாங்கிய மனிதருக்கு அமைந்த வசதியைப் பாருங்கள்.

சென்னை வாசகர்: 1990இல் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் காலிறுதிக்குப் போன அணியைப் புகழ்கிறீர்களே, வெட்கமாக இல்லையா?

ஐந்து ஆட்டம், அடித்தது இரண்டே கோல், வாங்கியது மூன்று. கணக்கு உங்கள் பக்கம்தான். எகிப்தோடு ஆடிய 0-0 ஆட்டம் மகா அறுவை. அயர்லாந்து டி.வி.யிலேயே விமர்சகர் ஈமன் டன்ஃபி வெறுத்துப்போய்ப் பேனாவை மேஜையில் வீசினார். கீப்பரிடம் திருப்பிக் கொடுத்துக் கையில் பிடிக்கவைத்து நேரத்தைக் கொல்லும் அந்தக் கால ஆட்டத்துக்கு முடிவு கட்டத்தான் 1992இல் பேக் பாஸ் விதியை மாற்றினார்கள். அந்த விதிக்கு அயர்லாந்தும் ஒரு காரணம் என்றால் மறுக்க மாட்டேன்.

ஆனால் ருமேனியா ஆட்டத்தை நான் நேரலையில் பார்த்தவன். ஜூன் 25, நம் நேரம் ராத்திரி எட்டரை. தூர்தர்ஷன். எங்கள் தெருவில் ஒரே டி.வி., ஆன்டெனாவைப் பிடிக்க மாடியில் ஒரு பையன். கீழே இருந்து நாங்கள் “திருப்பு, திருப்பு” என்று கத்தியதில் அவனுக்கு ஆட்டமே தெரியாது. 0-0, கூடுதல் நேரமும் 0-0, பெனால்டி. ருமேனியாவின் ஐந்தாவது அடியை பாக்கி பானர் தடுத்தார். அயர்லாந்தின் ஐந்தாவது அடிக்கு நடந்து வந்தவர் டேவிட் ஓலியரி. அவரும் ஸ்டாப்பர், மாற்று ஆளாக உள்ளே வந்தவர். விடுமுறைக்கு ஏற்பாடு செய்துவிட்டேன் என்று 1986இல் ஒரு பயணத்துக்கு வர மறுத்ததால் ஜாக் அவரை இரண்டு வருடத்துக்கு மேல் ஒதுக்கியே வைத்திருந்தார். அந்த ஆளிடம் நாட்டின் தலையெழுத்து. மேல் மூலையில் அடித்தார்.

மாடியில் இருந்த பையன் “என்ன ஆச்சு, என்ன ஆச்சு” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். ஒருவரும் பதில் சொல்லவில்லை. இப்போதும் ஊரில் பார்த்தால் அதைச் சொல்லித் திட்டுவான்.

காலிறுதியில் ரோமில் இத்தாலியிடம் 0-1. ஸ்கிலாச்சி. வெட்கம் இல்லை, சார்.

ஈரோடு வாசகர்: அவரிடம் உங்களுக்குப் பிடிக்காதது?

லியாம் பிரேடியை நடத்திய விதம். அயர்லாந்து பெற்ற நளினமான நடு ஆட்டக்காரர்களில் ஒருவர். 1989 செப்டம்பரில் டப்ளினில் மேற்கு ஜெர்மனியோடு நட்பு ஆட்டம். இடைவேளைக்கு முன்பே அவரை வெளியே கூப்பிட்டார், சொந்த மக்கள் முன்னால். பிரேடி அதோடு சர்வதேச ஆட்டத்தை விட்டார். எடுக்காமலே இருந்திருக்கலாம். பத்து நிமிடம் பொறுத்து, அறைக்குள் சொல்லியிருக்கலாம். என்னையும் ஒருமுறை ஒரு மாவட்ட ஆட்டத்தில் இருபதாவது நிமிடத்தில் வெளியே கூப்பிட்டார்கள். அந்தக் கோட்டைத் தாண்டி வந்த நடை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதே மனிதர் பால் மெக்ராத்தை எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும். டப்ளினில் அநாதை விடுதிகளில் வளர்ந்தவர் மெக்ராத். முழங்கால் இரண்டும் போய்விட்டன, குடியோடு போராட்டம், அதை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். சில முறை ஆட்டத்துக்கே வராமல் போனார். ஓலியரிக்குக் காட்டாத பொறுமையை ஜாக் இவருக்குக் காட்டினார், திட்டாமல் காத்திருந்தார். 1994இல் நியூயார்க் பக்கத்து ஜயன்ட்ஸ் ஸ்டேடியத்தில் இத்தாலியின் பாஜியோவை அந்த முழங்கால்களை வைத்துக்கொண்டு மெக்ராத் நிறுத்திய ஆட்டத்தை எங்காவது கிடைத்தால் பாருங்கள். பேக் ஆட்டம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் போட்டுக் காட்டுவது அதைத்தான்.

நாகர்கோவில், ஒரு தாய்: என் மகனுக்குப் பதினோரு வயது. கோச் அவனை பேக்கில் நிறுத்துகிறார். கோல் அடிக்க முடியவில்லையே என்று தினமும் அழுகிறான்.

அம்மா, பதினோரு வயதில் இடத்தை முடிவு செய்ய அவசியமே இல்லை. மாற்றி மாற்றி ஆடவிடச் சொல்லி கோச்சிடம் தயங்காமல் கேளுங்கள். பேக் ஆடும் நாளில், எதிரே வந்தவனை எத்தனை முறை திரும்பிப் போகவைத்தான் என்று எண்ணிவரச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து சொல்ல அவனுக்கும் ஒரு எண்ணிக்கை வேண்டுமல்லவா.

இன்னொன்றை முக்கியமாகச் சொல்ல வேண்டும். தலையால் முட்டும் பயிற்சி இப்போது வேண்டாம். 1966 அணியில் ஜாக், பாபி உட்பட ஐந்து பேருக்குப் பிற்காலத்தில் நினைவிழப்பு நோய் வந்தது. முன்னாள் ஆட்டக்காரர்கள் இத்தகைய நோய்களால் இறப்பது மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு அதிகம் என்று 2019இல் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வு சொன்னது. அடுத்த வருடமே இங்கிலாந்தில் ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகளின் பயிற்சியில் தலையால் முட்டுவதை நிறுத்தச் சொன்னார்கள். எங்கள் காலத்தில் மழையில் ஊறிய தோல் பந்தை ஐம்பது தடவை முட்டவைத்தார்கள். நானும் என் மாணவர்களை அப்படி முட்டவைத்திருக்கிறேன்.

தஞ்சாவூர் வாசகி: அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்பது உண்மையா?

பல வருடம். அம்மாவுக்கும் பாபியின் மனைவிக்கும் ஒத்துப்போகவில்லை என்பதில் தொடங்கியது. நம் வீடுகளில் நடக்காததா? ஆனாலும் 2008இல் பி.பி.சி. விழாவில் பாபிக்கு வாழ்நாள் சாதனை விருது கொடுத்தபோது மேடையேறி அதைத் தம்பி கையில் கொடுத்தது ஜாக். ஜாக் 2020 ஜூலை 10 அன்று, 85 வயதில் காலமானார். கொரோனா காலம். சவ ஊர்வலம் ஆஷிங்டன் தெருக்கள் வழியாகப் போனது.

தூத்துக்குடி வாசகர்: அவருக்கு ஆட்டத்தைத் தவிர வேறு பொழுதுபோக்கு உண்டா?

மீன் பிடிப்பது. அயர்லாந்தின் மேற்கே பாலினா என்ற ஊரில், மாய் ஆற்றில் சால்மன் பிடிப்பதற்காகவே வீடு வைத்திருந்தார். கார்க் விமான நிலையத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. கால்பந்து உடையில் இல்லை, தூண்டிலும் மீனுமாக.

ஜாக் தூண்டிலோடு ஒற்றை மீனைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கும் படம் ஒன்றை ஒரு பத்திரிகையில் பார்த்துவிட்டு அப்பாவிடம் காட்டினேன். அப்பா நாற்பது வருடம் கரமடி வலை இழுத்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“நாள் பூரா நின்னு இந்த ஒண்ணுதானா? இவனுக்கு வேற வேலை இருக்குல்ல?”

இருக்கு என்றேன்.